ரிட்ஜ்வே பருந்தைக் காப்பது எப்படி: கூடு தேடுவதிலிருந்து வளையம் மாட்டுவது வரை

ஒரு பறவை அழிகிறது என்றால் அதன் காட்டைக் காப்பாற்றுங்கள் என்போம். சரிதான். ஆனால் காட்டுக்கு வேலி போட்ட பிறகும் குறைந்துகொண்டே போன ஒரு பருந்து உண்டு. அதைக் காப்பாற்ற ஆட்கள் ஒவ்வொரு மரமாக ஏறி, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கையை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கரீபியன் கடலின் ஹிஸ்பானியோலா தீவில் வாழும் ரிட்ஜ்வே பருந்துதான் அது. தீவின் மேற்கில் ஹெய்ட்டி, கிழக்கில் டொமினிக்கன் குடியரசு. உலகத்தில் வேறெங்கும் இந்தப் பறவை கிடையாது.

அந்த வேலையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பறவை பார்ப்பவர்களும் வனவியல் படிக்கும் மாணவர்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் என்ன ஆகும் என்பதும் இதில் தெரியும்.

படி 1: பறவையை அடையாளம் காணுங்கள்

நடுத்தர அளவுப் பருந்து. அலகிலிருந்து வால்நுனி வரை 40 சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்கிவிடும். ஆண் சாம்பல் நிறம், தோளிலும் தொடையிலும் செம்பழுப்பு. பெண் கொஞ்சம் பெரியது, பழுப்பு கூடுதல். வாலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பறவையியல் அறிஞர் ராபர்ட் ரிட்ஜ்வேயின் பெயரை இதற்கு வைத்து, 1883-ல் அறிவியல் உலகத்துக்கு விவரித்தவர் சார்லஸ் கோரி. அறிவியல் பெயர் பியூட்டியோ ரிட்ஜ்வேயி.

இதே தீவில் செவ்வால் பருந்தும் இருக்கிறது. அது பெரியது, கோழி பிடிப்பதில் பெயர் பெற்றது. ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். 'பருந்து வந்துவிட்டது' என்றால் கல்லோ துப்பாக்கியோ கைக்கு வரும். பெரியது செய்ததற்குச் சின்னது உயிரை விட்டது. ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிவது பறவை பார்ப்பவரின் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதல்ல. இந்தப் பருந்தின் உயிர் அதில் இருக்கிறது.

படி 2: அது என்ன சாப்பிடுகிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று பாருங்கள்

இரையில் பெரும்பங்கு பல்லி, ஓணான் வகைகளும் பாம்பும். எலி, தவளை, சிறு பறவை, வௌவால் எல்லாமும் அவ்வப்போது உண்டு. எலி பிடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விவசாயிகளிடம் பேசும்போது அது உதவும்.

கூடு கட்டும் விதம்தான் சுவாரசியம். ஹிஸ்பானியோலாவின் ராஜபனைகளில் பாம்சாட் என்ற சின்னப் பறவை கூட்டமாகச் சேர்ந்து சுள்ளிகளை அடுக்கிப் பெரிய கூடு கட்டும். டொமினிக்கன் குடியரசின் தேசியப் பறவை அது. அந்தச் சுள்ளிக் குவியலின் மேலேயே ரிட்ஜ்வே பருந்து தன் கூட்டை வைத்துக்கொள்ளும். கீழே பாம்சாட் குடும்பங்கள், மாடியில் பருந்து. பனையை விட்டால் உயரமான காட்டு மரங்கள்.

நம் ஊரில் தைப் பனி அடிக்கும் ஜனவரி, பிப்ரவரியில் அங்கே ஜோடிகள் வானத்தில் வட்டமடித்துக் கத்தத் தொடங்கும். அப்புறம் ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடு கட்டும். ஒன்று முதல் மூன்று முட்டை, பெரும்பாலும் இரண்டு. ஐந்து வாரத்துக்கு மேல் அடைகாக்கும். பொரித்த குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். ஆக ஒரு ஜோடி ஒரு வருடத்தில் எவ்வளவு பாடுபட்டாலும் கிடைப்பது ஒன்றிரண்டு குஞ்சுகள்தான். அந்த ஒன்றிரண்டும் செத்தால் அந்த வருடம் வீண்.

ஜேம்ஸ் வைலியும் பெத் வைலியும் இந்தப் பறவையின் இனப்பெருக்கக் கால வாழ்க்கையை ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட ஆய்வு பின்னால் வந்தவர்களுக்கு அடித்தளமாக இருந்தது. கூட்டின் அடியில் நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளுக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் மதிப்பு இருக்கிறது. இளம் ஆய்வாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

படி 3: எவ்வளவு மிச்சம் என்று எண்ணுங்கள்

ஒரு காலத்தில் தீவு முழுக்கவும், சுற்றியுள்ள சில குட்டித் தீவுகளிலும் இருந்த பறவை இது. காடு போகப் போக இதுவும் போனது. கடைசியில் ஓரளவு கூட்டமாக மிஞ்சிய இடம் ஒன்றே ஒன்று: டொமினிக்கன் குடியரசின் வடகிழக்கில், சமானா விரிகுடாவை ஒட்டிய லாஸ் ஹைட்டிசெஸ் தேசியப் பூங்கா. பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமெரிக்க அமைப்பு 2000-ஆம் ஆண்டையொட்டி அங்கே வேலையைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் செய்த கணக்கெடுப்பில் கிடைத்தது நூறு ஜோடியை ஒட்டிய எண்ணிக்கை. உலகம் முழுவதுக்கும் அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நெடுங்காலம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்) சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு மிக அருகில் உள்ளவை என்ற வகையில் இது இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்த நிலத்தை மனக்கண்ணில் பாருங்கள். சுண்ணாம்புக்கல் குன்றுகள், முட்டைகளைக் கவிழ்த்து அடுக்கியது போல வரிசை வரிசையாக. குன்றுகளுக்கு நடுவே பள்ளங்கள். பள்ளத்தில்தான் மண் இருக்கிறது. மண் இருக்கும் இடத்துக்கு விவசாயி வருவார். காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும் சேம்பு வகைகளும் போடுவார். அங்கே இதற்கு கொனுகோ என்று பெயர். இலங்கையில் சேனைப் பயிர்ச்செய்கை என்பார்களே, அதே முறை. 1976-ல் இது தேசியப் பூங்கா ஆனது. ஆனால் பூங்கா என்று பலகை வைத்தவுடன் வயிறு கேட்பதை நிறுத்திவிடாது. நெருப்பு தொடர்ந்தது. வெட்டாமல் விட்ட ராஜபனை வயலின் நடுவே தனியாக நிற்கும், பருந்தும் அதிலேயே கூடு கட்டும். அடுத்த வருடம் வைக்கும் தீ அந்தப் பனையின் அடியைத் தொடும்.

இந்தக் குன்றுகளில் பறவையை எண்ணுவதற்கு விசேஷமான கருவி எதுவும் இல்லை. விடியலில் ஒரு குன்றின் மேல் ஏறி உட்கார வேண்டும். கத்தும் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். சுள்ளியோ இரையோ சுமந்துகொண்டு பறக்கும் பறவை எந்த மரத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் அந்த மரத்துக்கு நடக்க வேண்டும். வெயில், வழுக்கும் பாறை, வழியில்லாத புதர். இதில் கெட்டிக்காரர்கள் யார் என்றால், அந்தப் பள்ளங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். பூங்காவின் விளிம்பில் உள்ள லாஸ் லிமோனெஸ் போன்ற கிராமங்களின் ஆட்களையே களப்பணியாளர்களாக எடுத்தார்கள். இந்தத் திட்டத்தில் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இது என்பேன். நேற்று வரை பருந்தின் மீது கல்லெறிந்த ஊரில், இன்று பருந்துக் கூடு தேடுவதற்குச் சம்பளம் வருகிறது. அந்த வீட்டுப் பிள்ளை பருந்தை வேறு கண்ணோடுதான் பார்க்கும்.

படி 4: எது கொல்கிறது என்று கூட்டிலேயே தேடுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. காடு அழிவதும் மனிதர்கள் சுடுவதும் வெளியே தெரிந்த காரணங்கள். ஆனால் யாரும் வெட்டாத, யாரும் சுடாத கூட்டிலும் குஞ்சுகள் செத்தன. மரமேறிப் பார்த்தவர்கள் கண்டது குஞ்சின் உடம்பில் புடைப்புகள். ஒவ்வொரு புடைப்பின் நடுவிலும் ஒரு சின்னத் துளை. துளைக்குள் ஒரு புழு மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறது.

ஃபிலோர்னிஸ் பைசி என்ற ஈயின் புழு அது. வளர்ந்த ஈ யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. ஆனால் அதன் புழுக்கள் குஞ்சின் தோலுக்கு அடியில் புகுந்து, வெளியே ஒரு மூச்சுத் துளையை மட்டும் விட்டுவிட்டு, உள்ளிருந்து உறிஞ்சும். சில நாளில் கொழுத்து, துளை வழியே வெளியேறி, கூட்டின் சுள்ளிக்குள் விழுந்து கூட்டுப்புழு ஆகும். அங்கிருந்து புதிய ஈ. ஒரு குஞ்சில் இரண்டு மூன்று புழு என்றால் தாங்கிவிடும். பத்து, இருபது என்று ஏறினால் ரத்தம் குறைந்து, உடம்பு இளைத்து, கூட்டிலேயே படுத்துவிடும்.

கலாபகஸ் தீவுகளில் டார்வினின் குருவிகளைக் கொல்வதும் இதே ஃபிலோர்னிஸ் பேரினத்தின் வேறொரு ஈதான். ஆனால் அது வெளியிலிருந்து வந்தேறியது. ஹிஸ்பானியோலாவின் ஈ மண்ணுக்கே உரியது, பருந்தோடு நெடுங்காலம் வாழ்ந்தது. சொந்த ஊர் ஒட்டுண்ணி ஏன் இன்று எமனாகிறது? நான் புரிந்துகொண்ட வரையில், தீவு முழுக்கப் பருந்து இருந்த காலத்தில் சில நூறு கூடுகள் தோற்றாலும் மற்றவை ஈடுகட்டியிருக்கும். நூறு ஜோடி மட்டும் மிஞ்சிய பறவைக்கு அந்த இழப்பைத் தாங்கத் திராணி இல்லை. போதாததற்கு இந்த ஈ பாம்சாட் குஞ்சுகளிலும் வளரும். மாடிவீட்டுக்கு நோய் கீழ்வீட்டிலிருந்தும் ஏறி வரும்.

படி 5: மருந்து போடுங்கள், ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள்

இங்கேதான் நல்ல மனசும் நல்ல ஆய்வும் ஒன்றோடொன்று மோதும். புழுவைப் பார்த்ததும் எல்லாக் கூட்டிலும் மருந்தடிக்கத் தோன்றும். ஆனால் எல்லாவற்றிலும் அடித்துவிட்டால், பிழைத்த குஞ்சு மருந்தால் பிழைத்ததா, நல்ல மழையால் பிழைத்ததா என்று எப்படிச் சொல்வது? எனவே மருந்து போட்ட கூடுகளையும் போடாத கூடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போட்ட கூடுகளில் புழு வெகுவாகக் குறைந்தது. அங்கிருந்து பறந்துபோன குஞ்சுகளின் எண்ணிக்கை போடாதவற்றைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இவ்வளவு தெளிவான பதில் வனவிலங்கு ஆய்வில் கிடைப்பது அரிது.

இதிலிருந்து வேலையின் ஒழுங்கு பிறந்தது:

குஞ்சு பொரிக்கும் நாளைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். அதற்கு அடைகாக்கத் தொடங்கிய நாள் தெரிய வேண்டும். அதற்குப் படி 3-ல் சொன்ன ஆள் குன்றின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கயிறு கட்டி மரமேறத் தெரிந்த ஆள் வேண்டும். பனையில் கிளை கிடையாது, பிடிமானம் கிடையாது. தாய்ப்பறவை தலையைக் குறிவைத்துப் பாயும், ஆகவே தலைக்கவசம் கட்டாயம்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுக்களை இடுக்கியால் மெதுவாக எடுக்க வேண்டும். நசுக்கினால் காயம் சீழ்பிடிக்கும். அப்புறம் அளந்த மருந்து. சில வாரத்துக்குள் மறுபடி ஏறிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிய ஈ வந்துகொண்டே இருக்கும்.

பெற்ற பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடாதா என்று கேட்கலாம். முட்டை இருக்கும்போது தொந்தரவு செய்தால் அந்த ஆபத்து உண்டு. குஞ்சு பொரித்து வளரத் தொடங்கிய பிறகு அவை எளிதில் விட்டுப்போவதில்லை. அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம். ஏறுவதும் இறங்குவதும் வேகமாக, குளிர்ந்த வேளையில்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல. இந்த வருடம் ஏறிய மரத்தில் அடுத்த வருடமும் ஏற வேண்டும். பணம் நின்றால், ஆள் நின்றால், ஈ திரும்ப வரும்.

படி 6: கோழிக்குஞ்சைக் காப்பாற்றுங்கள்

நம் பக்கத்தில் கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரம் போட்டு மூடுவார்கள். பருந்து நிழல் தரையில் ஓடினாலே தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும், குஞ்செல்லாம் இறக்கைக்குள் ஓடும். கோழி வளர்த்த எவருக்கும் பருந்தின் மேல் கோபம் வருவது இயல்பு. டொமினிக்கன் கிராமத்துப் பெண்ணுக்கும் அதே கோபம்தான். அந்தக் கோழிக்குஞ்சுதான் அவர் கைக்காசு. ரிட்ஜ்வே பருந்து எப்போதாவது சின்னக் குஞ்சைத் தூக்கத்தான் செய்யும். 'அது தூக்காது' என்று அவரிடம் பொய் சொன்னால் அடுத்த நாளே நம்பிக்கை போய்விடும்.

திட்டக்காரர்கள் செய்தது எளிமையான காரியம். கம்பிவலை போட்ட கோழிக்கூண்டுகளை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். குஞ்சு வளரும் வரை உள்ளே இருக்கும். பருந்து தூக்காது, கீரி தூக்காது, எலி கடிக்காது. வீட்டுக்காரருக்கு லாபம், பருந்துக்கு உயிர். கூடவே வீடுவீடாகப் போய்ப் பேச்சு, பள்ளிகளில் பாடம். இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை உங்கள் வயலில் எலி பிடிக்கிறது என்று சொல்லும்போது பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெருமையும் ஒரு பாதுகாப்புதான்.

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பருந்தை ஒரு ஊருக்குக் கொண்டுபோய் விட்ட பிறகு ஊரைச் சமாதானப்படுத்துவது நடக்காது. பேச்சு முதலில், பறவை அப்புறம்.

படி 7: எல்லா முட்டையும் ஒரே கூடையில் வேண்டாம்

1998 செப்டம்பரில் ஜார்ஜஸ் சூறாவளி டொமினிக்கன் குடியரசை நேராகத் தாக்கியது. ஒரு இனத்தின் மொத்த இருப்பும் ஒரே பூங்காவில் இருக்கும்போது அப்படியொரு புயல் என்ன செய்யும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. ஆகவே இரண்டாவது வீடு வேண்டும் என்று முடிவானது.

தேர்ந்தெடுத்த இடம் தீவின் கிழக்கு முனையில் உள்ள புன்டா கானா. விமான நிலையமும் கோல்ஃப் மைதானமும் கடற்கரை விடுதிகளும் நிறைந்த சுற்றுலாத் தலம். அருகிவரும் காட்டுப் பருந்துக்கு இதுவா இடம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அங்கே நிழல்மரங்கள் இருந்தன, பல்லிகள் ஏராளம், காடு எரிப்பவர் இல்லை, நிலத்தின் சொந்தக்காரர்களான புன்டாகானா குழுமத்தின் அறக்கட்டளையே கூட்டாளியாக நின்றது. அடர்ந்த காடும் ஆதரவில்லாத அக்கம்பக்கமும் வேண்டுமா, சிதறிய மரங்களும் ஆதரவான மனிதர்களும் வேண்டுமா என்றால், இந்தப் பருந்துக்கு இரண்டாவதே ஒத்துவந்தது.

வளர்ந்த பருந்தைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் அது பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். எந்த மண்ணின் மேல் முதலில் பறக்கிறதோ அதுவே பருந்துக்குச் சொந்த ஊர். எனவே பறக்கும் பருவத்தை நெருங்கிய குஞ்சுகளை லாஸ் ஹைட்டிசெஸிலிருந்து கொண்டுவந்தார்கள். எந்தக் கூட்டிலிருந்து எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைக் களப்பணியாளர்களின் நோட்டுப் புத்தகம் சொன்னது. உயரமான மேடையில் ஒரு பெட்டி, முன்பக்கம் கம்பி. உள்ளிருந்து குஞ்சுகள் புதிய ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரை வைப்பவர் முகம் தெரியாதபடி உணவு உள்ளே போகும். மனிதனைக் கண்டால் சோறு வரும் என்று பழகிவிட்டால் அப்புறம் அது காட்டுப்பறவை இல்லை. சில நாள் கழித்துக் கதவு திறக்கும். பறந்த பிறகும் மேடையில் இரை வைப்பார்கள், அது தானே வேட்டையாடக் கற்று, மேடைக்கு வருவதை நிறுத்தும் வரை. வேட்டைப் பருந்து வளர்ப்பவர்களின் பழைய கலை இது. டாம் கேட் 1970-ல் தொடங்கிய பெரெக்ரின் ஃபண்ட், அமெரிக்காவில் பெரெக்ரின் வல்லூறுகளை மீட்டதும் இதே முறையில்தான்.

2009-ல் முதல் குஞ்சுகள் புன்டா கானாவில் பறந்தன. அதன்பின் காத்திருப்பு. சில பறவைகள் சாகும், சில காணாமல் போகும், ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும். 2013-ல் ஒரு ஜோடி அங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து வளர்த்தது. நான்கு வருடம்! இடையில் யாராவது 'பலனில்லை' என்று நிறுத்தியிருந்தால் அந்தக் குஞ்சு இல்லை. 2019-ல் அதே நாட்டின் அனியானா வர்காஸ் தேசியப் பூங்காவில் மூன்றாவது வீட்டுக்கான வேலை தொடங்கியது. 2022 செப்டம்பரில் ஃபியோனா சூறாவளி கரையேறியது புன்டா கானாவுக்குப் பக்கத்துப் போகா டி யூமா அருகே. ஒரே கூடை போதாது என்பதை அதைவிட நேராக யாரும் சொல்ல முடியாது.

படி 8: மின்கம்பத்தைப் பாருங்கள்

சின்னப் படி, ஆனால் விட்டுவிடாதீர்கள். காட்டுப் பருந்துக்கு மின்கம்பமும் மரம்தான். உட்கார்ந்து இறக்கையை விரிக்கும்போது இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தொட்டால் முடிந்தது. புன்டா கானாவில் அப்படிப் பருந்துகள் செத்தன. அதன்பின் ஆபத்தான கம்பங்களைக் கண்டறிந்து மின்காப்பு உறைகளைப் போட்டார்கள். பறவையை விடுவதற்கு முன்பே அந்த வட்டாரத்தின் கம்பங்களை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

படி 9: வளையம் மாட்டி, பின்தொடருங்கள்

கூட்டில் இருக்கும்போதே குஞ்சின் காலில் வளையம் மாட்டிவிட வேண்டும். தொலைவிலிருந்தே பைனாகுலரில் படிக்கும் அளவுக்கு நிறமும் எழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும். கால் முழு வளர்ச்சி அடைந்த பிறகு மாட்ட வேண்டும், இல்லையென்றால் வளையம் இறுகும் அல்லது கழன்று விழும். பெண்ணின் கால் ஆணைவிடத் தடிமன், எனவே இரண்டு அளவில் வளையம் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் ஒரு சொட்டு எடுத்து வைத்தால் யார் யாருக்கு உறவு என்று பின்னால் பார்க்கலாம். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் நெருங்கிய உறவுக்குள் ஜோடி சேர்வது பெரிய கவலை.

அப்புறம் ஒவ்வொரு பருவமும் ஒரே வேலைதான்: குன்றேறு, காது கொடு, வளையத்தைப் படி, எழுது. எந்த வருடம் எந்தக் குஞ்சை எங்கே விட்டது, யாருடன் ஜோடி, எத்தனை முட்டை, எத்தனை பறந்தது.

எல்லாப் பறவைக்கும் வளையம் மாட்டிய ஓர் இடத்தில், ஒரு நாள் வளையமில்லாத இளம் பருந்து ஒன்று வந்து உட்காரும். நோட்டைப் புரட்டுவார்கள், கணக்கில் வராது. யாரும் கண்டுபிடிக்காத, யாரும் ஏறாத, மருந்து போடாத ஏதோ ஒரு பனையிலிருந்து அது தானாகப் பறந்து வந்திருக்கிறது. அன்றைக்குக் களப்பணியாளருக்கு இரண்டு வேலை. தேதியும் இடமும் எழுதிக்கொள்வது முதலாவது. அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்தக் கூட்டைத் தேடி நடக்கத் தொடங்குவது அடுத்தது.